டப்பா இல்லாத புதையல்

ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள்ளே சில புத்தகங்கள், வீடியோ கேசட்டுகள், கம்ப்யூட்டர் மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், போதாக்குறைக்கு ஒரு டின் பீன்ஸ்! 2000-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகருக்குப் பக்கத்தில் உள்ள பீவர்க்ரீக் என்ற ஊர்க் காட்டோரத்தில் டேவ் உல்மர் என்பவர் இதை ஒளித்து வைத்தார். கம்ப்யூட்டர் ஆலோசகர் அவர். வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் போட்டுவிட்டார். "போய்த் தேடுங்கள். எதையாவது எடுத்துக்கொண்டால் எதையாவது வைத்துவிட்டு வாருங்கள்" என்பதுதான் நிபந்தனை.

அதென்ன மே 3? முகூர்த்த நாளா? கிட்டத்தட்ட அப்படித்தான். அதுவரை ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பிய சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. சுமார் 100 மீட்டர் வரை தப்பு வரும். தெருவைக் காட்டும், வீட்டைக் காட்டாது! மே 1-ஆம் தேதி நள்ளிரவோடு கிளின்டன் அரசு அந்தப் பிழையை எடுத்துவிட்டது. கையடக்கக் கருவிகள் ஒரே ராத்திரியில் பத்து மடங்கு துல்லியமாகிவிட்டன. அது உண்மையா என்று சோதிக்கத்தான் உல்மர் வாளியை வைத்தார். மூன்றே நாளில் ஆள் வந்து கண்டுபிடித்துவிட்டார். அந்த மாதமே இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்ற பெயரும் வந்துவிட்டது. இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இப்படிப் புதையல்கள் ஒளிந்திருக்கின்றன. முதல் வாளி இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

புதையல் என்றதும் தங்கம், வைரம் என்று கனவு காண வேண்டாம். பெரும்பாலும் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு டப்பா. உள்ளே பெயர் எழுத ஒரு நோட்டு, சில பொம்மைகள், சாவிக்கொத்து, பட்டன் மாதிரி சில்லறைச் சாமான்கள். ஆனாலும் ஒரு கல்லைப் புரட்டி அதன் அடியில் டப்பாவைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அது ஐஸ்பாய் விளையாட்டில் ஒளிந்தவனைக் கண்டுபிடித்த அதே சந்தோஷம்!

இந்த விளையாட்டிலேயே டப்பா இல்லாத வகை ஒன்று உண்டு. அதன் பெயர் எர்த்கேச். அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் துணையோடு 2004-ல் தொடங்கியது. ஜிபிஎஸ் காட்டும் இடத்துக்குப் போனால் அங்கே ஒரு பாறையோ, மணல்மேடோ, அருவியோ இருக்கும். அவ்வளவுதான். எடுக்க ஒன்றும் இல்லை, வைக்கவும் ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாகச் சில கேள்விகள். இந்தப் பாறையின் துகள் கண்ணுக்குத் தெரிகிறதா? பட்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? இது எப்படி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பதிலை அந்த எர்த்கேச்சை அமைத்தவருக்கு எழுதி அனுப்ப வேண்டும். கூகுளில் தேடி விடை எழுத முடியாதபடி, நேரில் நின்று பார்த்தால் மட்டுமே தெரியும் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது விதி.

முதல் முறை வரும் சிறுவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "சரி, டப்பா எங்கே?"

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டென்றால், அது உல்மரின் வாளி இருந்த அதே ஒரிகன் மாநிலத்தின் கடற்கரைதான். வடக்கிலிருந்து தெற்காகச் சுமார் 580 கிலோமீட்டர். கூடவே 101-ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது. 1967-ல் வந்த ஒரு சட்டத்தால் இந்தக் கரை மணல் பொதுமக்களுக்குத் திறந்தது. யாரும் வேலி போட்டுத் தடுக்க முடியாது. எனவே தேடுகிறவர் காரை நிறுத்திவிட்டு, கையில் கருவியோடு இறங்கி நடக்க வேண்டியதுதான்.

வடக்கே கேனன் பீச் என்ற ஊர். அங்கே மணலில் 72 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைக் கரும்பாறை நிற்கிறது. பெயர் ஹேஸ்டாக் ராக். வைக்கோல் போர் என்று அர்த்தம். பார்த்தால் பெயர் வைத்தவரைக் குறை சொல்ல முடியாது. அச்சு அசல் வைக்கோல் போர்தான். கடல் உள்வாங்கும் நேரத்தில் அதன் அடிவரைக்கும் நடந்தே போகலாம். கோடையில் பஃபின் பறவைகள் அதன் மேல் கூடு கட்டுகின்றன.

கிட்டே போய்ப் பார்த்தால் கறுப்பு, கனம், துகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சன்னம். இது பசால்ட் என்ற எரிமலைப் பாறை. லாவா தரைக்கு மேலே வந்து சீக்கிரம் ஆறினால் படிகம் பெரிதாக வளர நேரம் கிடைக்காது. அதனால்தான் இவ்வளவு சன்னம். சரி, எரிமலை என்றால் எரிமலை எங்கே? தேடுகிறவர் சுற்றும் முற்றும் பார்க்கிறார். கடல், மணல், மரம், ஐஸ்கிரீம் கடை. எரிமலையைக் காணோம்!

விஞ்ஞானிகளையும் குழப்பிய கேள்வி இது. இந்தப் பாறைகள் இங்கேயே, கடலோரத்தில் இருந்த எரிமலைகளிலிருந்து வந்தவை என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள். நியாயம்தான். பாறை தரைக்குள்ளே வேர்விட்ட மாதிரி ஆழமாக இறங்கியிருக்கிறது. கீழிருந்து மேலே வந்தது போலத்தான் தெரிகிறது. ஆனால் வேதியியல் வேறு கதை சொன்னது. இந்தக் கரைப் பாறையும், தூரத்தில் வாஷிங்டன், ஒரிகன் மாநிலங்களின் கிழக்கே பரவிக் கிடக்கும் பசால்ட்டும் கைரேகை மாதிரி ஒத்துப்போயின. 1979-ல் மார்வின் பீசனும் அவருடைய சகாக்களும் வேறொரு விளக்கம் சொன்னார்கள். லாவா கீழிருந்து மேலே வரவில்லை. மேலிருந்து கீழே போயிருக்கிறது!

நடந்தது இதுதான். சுமார் 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கி, கிழக்கே பூமியில் நீள நீளமான வெடிப்புகள் திறந்தன. கூம்பு மலை, உச்சியில் புகை, இந்தச் சினிமாக் காட்சியெல்லாம் கிடையாது. தரை பிளந்து, அணை உடைந்த மாதிரி லாவா வெள்ளமாக வந்தது. மொத்தம் சுமார் 2 லட்சம் கன கிலோமீட்டர். அதில் சில வெள்ளங்கள் பழைய கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மேற்கே ஓடி, சுமார் 500 கிலோமீட்டர் கடந்து கடலைத் தொட்டன. கரையில் ஈரமான, மெத்தென்ற சேறு. லாவாவோ அதைவிடக் கனம். இட்லி மாவில் கரண்டி இறங்குவது போல லாவா சேற்றுக்குள் இறங்கிவிட்டது. அங்கே ஆறி, இறுகி, வேர் மாதிரி நின்றுவிட்டது. பிறகு சுற்றியிருந்த மெத்தென்ற மண்ணைக் கடல் அரித்துத் தின்ன, கடினமான பசால்ட் மட்டும் மிஞ்சியது.

அன்றைக்குப் பள்ளமாக இருந்ததால்தான் லாவா அங்கே வந்து தேங்கியது. அன்றையப் பள்ளம்தான் இன்றைக்கு மேடு. ஒரிகன் கரையின் வடபாதியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் கருத்த முனைகள் பலவற்றின் கதை இதுதான். நடுவில் வளைந்து உள்வாங்கிய இடங்கள் எல்லாம் மென்மையான மணற்கல்லும் சேற்றுக்கல்லும். வரைபடத்தில் கரையின் கோடு ஏன் இப்படிப் பல்பல்லாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விடை கிடையாது.

இனி தெற்கே போகப் போக ஒவ்வொரு இடமும் ஒரு பாடம். டிபோ பே என்ற சின்ன ஊரில் தலையணைகளை அடுக்கினாற்போல உருண்டை உருண்டையான பாறைகள். லாவா தண்ணீரைத் தொட்டதும் மேல்தோல் சட்டென்று இறுகி, உள்ளே இருக்கும் குழம்பு அதைக் கிழித்துக்கொண்டு அடுத்த உருண்டையாகப் பிதுங்கும். அதுதான் இந்தத் தலையணை. அதே ஊரில் பாறை இடுக்குகளில் அலை புகுந்து மேலே பீச்சியடிக்கும். சாலையோரம் நிற்கிறவர்கள் நனைந்தபடி சிரிக்கிறார்கள்.

அதற்கும் தெற்கே யாக்வினா ஹெட். 1873-ல் ஏற்றப்பட்ட 28 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம் நிற்கும் முனை. விளக்கின் கீழே உள்ள கரையில் மணலே இல்லை, முழுக்கக் கருங் கூழாங்கற்கள். அலை திரும்பிப் போகும்போது ஆயிரக்கணக்கான கற்கள் ஒன்றோடொன்று உருண்டு மோதி ஒரு சத்தம் எழும்புகிறது. அரங்கம் நிறைய ஆட்கள் கைதட்டுவது போல இருக்கும். ஒவ்வொரு தட்டலிலும் ஒவ்வொரு கல்லும் கொஞ்சம் தேய்கிறது. கல் ஏன் இவ்வளவு உருண்டை என்று கேட்டால் அந்தச் சத்தமே பதில்.

இந்த முனைக்கு இன்னொரு கதையும் உண்டு. சாலை போடுவதற்காக ஒரு காலத்தில் இங்கே கல் உடைத்தார்கள். மலையின் ஒரு பகுதியே காணாமல் போனது. 1980-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. இன்று தேடுகிறவர் ஒரு கூழாங்கல்லைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. டப்பா இல்லாத புதையலின் அர்த்தம் இங்கேதான் கொஞ்சம் புரிய ஆரம்பிக்கிறது.

அடுத்தது சீல் ராக். இங்கே பாறை தூண் தூணாக நிற்கிறது. யாரோ சிற்பி செதுக்கி அடுக்கியதைப் போலப் பல பக்கத் தூண்கள். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம், கோடையில் வற்றிய ஏரியைப் பார்த்திருந்தால் போதும். ஈரம் காயக் காய மண் சுருங்கி, கட்டம் கட்டமாக வெடிக்கும் அல்லவா? அதே மாதிரி லாவா ஆற ஆறச் சுருங்குகிறது, வெடிக்கிறது. வெடிப்புகள் சந்திக்கும் இடத்தில் சுமார் 120 டிகிரி கோணம் வந்தால் இழுவிசை மூன்று பக்கமும் சமமாகிவிடும். அதனால்தான் அறுகோணம் அதிகம். வெடிப்பு மேலிருந்து உள்ளே இறங்க இறங்கத் தூண் நீள்கிறது. மெதுவாக ஆறினால் தடித்த தூண், வேகமாக ஆறினால் மெலிந்த தூண். அகலத்தை அளந்து பார்த்தால் அந்த லாவா எவ்வளவு நிதானமாக ஆறியது என்று ஊகிக்கலாம். ஒரு அளவுகோலும் கொஞ்சம் பொறுமையும் போதும். கொலம்பியா ஆற்று லாவாவின் பயணம் இந்தக் கரையில் இங்கேதான் தெற்கெல்லை காண்கிறது.

இன்னும் தெற்கே, யாஹாட்ஸ் என்ற ஊரைத் தாண்டினால் கேப் பெர்பெச்சுவா. வடக்கு 44 டிகிரி 17 நிமிடம். கடல் மட்டத்திலிருந்து 240 மீட்டருக்கு மேல் எழும் முனை. 1778-ல் கேப்டன் குக் கப்பலில் போகும்போது, அன்று புனித பெர்பெச்சுவாவின் திருநாள் என்பதால் இந்தப் பெயரை வைத்துவிட்டுப் போனார். அவர் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பிருந்தே இங்கே மனிதர்கள் சிப்பி பொறுக்கித் தின்று வாழ்ந்தார்கள். அவர்கள் வீசிய ஓடுகளின் மேடு இன்னும் இருக்கிறது.

இதுவரை வந்த பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர் இங்கே சறுக்குவார். இந்தப் பசால்ட் தூரத்திலிருந்து வந்தது அல்ல. இது உள்ளூர்ச் சரக்கு. 3.5 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இதே இடத்தில் இருந்த எரிமலைகள் கக்கியது. கறுப்பு ஒரே கறுப்புதான். வயதில் இரு மடங்குக்கும் மேல் வித்தியாசம். கண்ணால் பார்த்ததும் "அதே பாறை" என்று எழுதி அனுப்பினால் தப்பு!

இங்கே அலைக்கும் பாறைக்கும் நடக்கிற சண்டையை நேரிலேயே பார்க்கலாம். டெவில்ஸ் சர்ன் என்று ஒரு பிளவு. சாத்தான் மோர் கடையும் பானை என்று சொல்லலாம். பாறையில் இருந்த சிறு வெடிப்பில் அலை புகுந்து புகுந்து, குகையாகக் குடைந்து, கடைசியில் கூரை இடிந்து திறந்த வாய்க்கால் ஆகிவிட்டது. குறுகிய வாயில் அலை நுழைந்ததும் வெள்ளை நுரையாகப் பொங்குகிறது. கொஞ்ச தூரத்தில் தோர்ஸ் வெல். கடலுக்குள்ளேயே ஒரு கிணறு மாதிரி ஓட்டை. தண்ணீர் எல்லாம் அதற்குள் வடிந்து போவது போலத் தெரியும். அதுவும் கூரை இடிந்த குகைதான் என்று சொல்கிறார்கள்.

ஒரு விஷயம். ஜிபிஎஸ் அம்புக்குறிக்கு அலை தெரியாது. "இன்னும் ஆறு மீட்டர்" என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இந்தக் கரையில் பத்து இருபது நிமிடம் கடல் சாதுவாக இருந்துவிட்டு, திடீரென்று ஒரு பெரிய அலை பதுங்கி வந்து ஆளை இழுத்துப் போவது உண்டு. அதற்கென்றே எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர் பார்க்கத் தவறும் முதல் பொருள் கடல்தான்.

இந்தப் பாறையைத் தொட்டுப் பார்த்தால் கை கூசும். எங்கும் ஊசி ஊசியாக, ஓட்டை ஓட்டையாக இருக்கும். லாவா ஆறும்போது உள்ளே மாட்டிக்கொண்ட வாயுக் குமிழிகள் ஓட்டைகளாகிவிட்டன. அலை அடித்து ஓட்டைகளின் சுவர் உடைய, விளிம்புகள் கத்தி போல் நின்றுவிட்டன. "இந்தப் பாறை ஏன் இவ்வளவு கூராக இருக்கிறது?" என்று கேட்டால் எழுத வேண்டிய பதில் அதுதான். முழு மதிப்பெண் கிடைக்கும்.

ஆனால் இதே கூர்மையைப் பற்றி எழுதி வைத்த இன்னொரு ஆள் இருக்கிறார். ராயல் பென்செல் என்ற ராணுவ வீரர். ஆண்டு 1864. தெற்கே கூஸ் பே பகுதியைச் சேர்ந்த கூஸ் மக்கள் தங்கள் நிலத்தைப் பற்றி 1855-ல் அரசோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அதை அமெரிக்க செனட் கடைசிவரை அங்கீகரிக்கவே இல்லை. நிலம் மட்டும் போய்விட்டது. மக்களை யாஹாட்ஸில் இருந்த ஒதுக்கிடத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். தப்பித்துச் சொந்த ஊருக்குப் போனவர்களைத் தேடிப் பிடித்து மறுபடி நடத்திக் கூட்டி வந்தது ராணுவம். நூறு கிலோமீட்டருக்கும் மேல் கடலோர நடை.

அப்படி நடத்தப்பட்டவர்களில் ஒருவர் அமண்டா. கூஸ் இனப் பெண். கண் பார்வை இல்லாதவர். ஒரு வெள்ளையருடன் வாழ்ந்து ஒரு மகளைப் பெற்றிருந்தார். சட்டப்படி கல்யாணம் ஆகியிருந்தால் அங்கேயே இருந்திருக்கலாம். ஆகவில்லை. மகள் தகப்பனிடம் தங்கிவிட, அம்மாவை மட்டும் கூட்டிப் போனார்கள். கூர்மையான பாறைகளின் மேல் நடந்து அவர் பாதங்கள் கிழிந்ததையும், ரத்தத் தடத்தை வைத்தே அவர் போன வழியைச் சொல்லிவிடலாம் என்பதையும் பென்செல் தன் நாட்குறிப்பில் எழுதினார். காவலுக்குப் போன சிப்பாய் எழுதியது என்பதால்தான் இது நமக்குத் தெரிகிறது. அமண்டாவோடு நடந்த மற்றவர்களின் பாதங்களைப் பற்றி யார் எழுதினார்கள்?

அந்த ஒதுக்கிடத்தை 1875-ல் மூடி, நிலத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். கேப் பெர்பெச்சுவாவிலிருந்து யாஹாட்ஸ் வரை காட்டு வழியாகப் போகும் நடைபாதைக்கு இன்று அமண்டாவின் பெயர். 2009-ல் அதை அர்ப்பணித்தார்கள். வழியில் அவருக்கு ஒரு சிலையும் இருக்கிறது.

இப்போது அந்தக் கேள்வியைத் திரும்பிப் பாருங்கள். பாறை ஏன் கூராக இருக்கிறது? வாயுக் குமிழிகளால். சரியான விடைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதை எழுதி அனுப்பிவிட்டு, ஷூ போட்ட காலோடு காருக்குத் திரும்புகிறவர் பாதி இடத்தைத்தான் பார்த்திருக்கிறார். பாறை 3.5 கோடி ஆண்டு பழசு. ரத்தம் சிந்தியது நேற்று மாதிரி. பழசை இவ்வளவு நுணுக்கமாகப் படிக்கத் தெரிந்தவருக்கு, நேற்று நடந்ததைப் படிக்காமல் போக நியாயம் இல்லை.

டப்பா இருந்தால் இந்த வித்தியாசம் தெரியாது. எடுத்தோம், பெயர் எழுதினோம், அடுத்ததற்கு ஓடினோம் என்று முடிந்துவிடும். டப்பா இல்லாததால் நிற்க வேண்டியிருக்கிறது. நின்றால் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்தால் "இங்கே வேறு என்னவெல்லாம் நடந்தது?" என்று கேட்காமல் இருக்க முடியாது. செயற்கைக்கோள் ஒருவரைச் சில மீட்டர் வரை கொண்டுவந்து விடும். மிச்சத் தூரத்தை அவரவர்தான் நடக்க வேண்டும்.

அந்தப் பக்கம் போக வாய்க்கிறவர்கள் கவனத்துக்குச் சில குறிப்புகள். கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்பவும். கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டாம். கல், சிப்பி எதையும் எடுக்க வேண்டாம். அமண்டா பாதையை நேரமில்லை என்று தவிர்க்க வேண்டாம். முக்கியமாக, நல்ல கெட்டியான ஷூ போட்டுக்கொண்டு போகவும். பாறை இன்னும் அதே கூர்மையோடுதான் இருக்கிறது.